படுக்கை விரிப்பில் தைத்த நாரை

1

எங்கள் ஊர் நூலகத்தில் போன மாதம் ஒரு படம் மாட்டினார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேசைக்கு மேலே, உள்ளே நுழைகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். றெக்கை விரித்த பெரிய வெள்ளை நாரை ஒன்று கடைவீதி நடுவே வருகிறது. பன்னிரண்டு பேர் அதைக் கம்புகளில் தாங்கி வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால், அரக்குச் சேலைக்கு மேல் மஞ்சள் மழைக்கோட்டும், காலில் என் மகளுடைய விளையாட்டு ஷூவுமாக, பின்னோக்கி நடந்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தியிருக்கிறாள் என் அக்கா முத்துமாரி.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் வந்த ஒரு வயதான ஆங்கிலேயர், "இந்த அம்மா எந்த ஊர்?" என்று கேட்டார்.

"தளவாய்புரம்."

"அது எங்கே இருக்கிறது?"

"ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்" என்றேன். ராஜபாளையம் என்றால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பில் அப்படிச் சொல்லிவிட்டு, வெளியே வந்து தனியாகச் சிரித்தேன்.

இங்கிலாந்தின் வடக்கே, ஆற்றங்கரையில் இருக்கிற இந்தச் சிறிய ஊரில் நான் பதினேழு வருஷமாக இருக்கிறேன். பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன். ஆனாலும் பக்கத்துத் தெருவில் என் பெயரைச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. அக்கா இங்கே இருந்தது எட்டு வாரம். அவளுடைய பெயரைத் தபால்காரர் முதல் ரொட்டிக் கடைக்காரி வரை சொல்லுகிறார்கள். 'மாரி' என்று, ரகரத்தைக் கொஞ்சம் விழுங்கி.

2

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. அக்கா பத்தாவது முடித்ததும் தையல் பழகி, தளவாய்புரத்தில் வாழ்க்கைப்பட்டாள். அந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மிஷின் சத்தம்தான், தைப்பதில் முக்கால்வாசி நைட்டிதான். அவளும் ஒரு மிஷினில் தொடங்கி, இப்போது எட்டு மிஷின் போட்டு யூனிட் நடத்துகிறாள். துணி வெட்டுவது மட்டும் இன்றைக்கும் அவள் கைதான். வேறு யாரிடமும் கத்தரியைக் கொடுக்க மாட்டாள்.

நான் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போன முதல் வாரம், விடுதியில் ஒருவன் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தான். "அக்கா நைட்டி தைக்கிறாங்க" என்றேன். அறையில் இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வருஷம் எனக்கு அதுவே பட்டப்பெயர். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் 'டெக்ஸ்டைல்' என்று சொல்லப் பழகினேன். இங்கே வந்த பிறகு அதுவும் தேய்ந்து, 'அக்கா வீட்டில் இருக்கிறாள்' என்றாகிவிட்டது.

போன வருஷம் மே மாதம் அவள் இங்கே வந்தாள். மகனுக்குக் கல்யாணம் முடிந்து, யூனிட்டை மருமகள் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் கிடைத்த விடுமுறை. விசாவுக்கு யூனிட்டின் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, என் சம்பளச் சீட்டு என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தோம். அங்கே எல்லாவற்றையும் உள்ளபடி எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினேன். மறைக்க வழி இருந்த இடம் வேறு. அங்கே மறைத்தேன்.

என் மனைவி செல்விக்கு மருத்துவமனையில் ஷிப்ட். எனக்கு அலுவலகம். பதினாலு வயது மகள் கயலுக்குப் பள்ளிக்கூடம். அக்கா மூன்றாவது வாரத்துக்குள் எங்கள் வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை, என் கால்சட்டை ஓரங்கள் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்து முடித்துவிட்டாள்.

"ஏலே, இப்டியே ஒக்காந்து கெடந்தா எனக்கு மூட்டுப் பிடிச்சுக்கிடும். என்னமாச்சும் வேல இருந்தா சொல்லு" என்றாள்.

ஜூன் கடைசியில் இந்த ஊரில் ஒரு கலை ஊர்வலம் நடக்கும். ஊர்க்காரர்களே பெரிய பெரிய உருவங்கள் செய்து, வாத்தியத்தோடு கடைவீதி வழியாக எடுத்துப் போவார்கள். அதற்கான வேலைகள் எங்கள் தெருமுனையில் உள்ள பழைய தேவாலயக் கூடத்தில் நடக்கும். கயல் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தாள். அக்காவையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

சேருவதற்கும் ஒரு படிவம். விசிட்டர் விசாவில் வந்தவர்கள் அறக்கட்டளைக்கு முப்பது நாளுக்கு மேல் தொண்டு செய்யக் கூடாது என்பதால் நாள் கணக்கு எழுதும் கட்டம். ஒவ்வாமை உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கும் கட்டங்கள். கடைசியில், 'உங்களுக்குத் தெரிந்த சிறப்புத் திறமைகள்.' நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 'எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

"என்னலே எழுதுத?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பேரு, அட்ரஸ்" என்றேன்.

3

கூடத்தின் பொறுப்பாளர் ஹெலன் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. படிவத்தைப் படித்துவிட்டு அக்காவுக்குத் தேநீர்க் கோப்பை கழுவுகிற வேலை கொடுத்தார். அக்கா கழுவினாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்த வருஷத்து உருவம் எங்கள் ஆற்றில் நிற்கிற நாரை. மூங்கிலும் பிரம்புமாக உடம்பு, இரண்டு பக்கமும் முப்பது முப்பது அடிக்குச் சேர்த்துக் கட்டிய றெக்கைச் சட்டம், அதன் மேல் மெல்லிய துணியை இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஊர்வலத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூங்காவில் ஒத்திகை. நானும் ஒரு கம்பைப் பிடித்திருந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரே ஒரு காற்று வந்தது. வலது றெக்கை நடுவே கிழிந்தது, கிழிசல் அப்படியே ஓடி முனைவரை போனது. ஹெலன் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாத வேலை. ஊர்வலத்தை நாரை இல்லாமல் நடத்திக்கொள்ளலாம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அக்கா கோப்பைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, கிழிந்த துணியின் விளிம்பை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏட்டி கயலு, அந்தம்மாட்ட சொல்லு. துணிய டப்பா மூடுன மாதிரி இழுத்து ஒட்டிருக்காக. காத்து எங்குட்டுப் போகும்? கிழிச்சுக்கிட்டுத்தான் போகும்."

கயலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். பள்ளிக்கூட வாசலில் தன்னைத் தமிழில் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே என்னிடம் கேட்டுக்கொண்டவள். அன்றைக்கு அத்தை சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹெலன் நிமிர்ந்து, "இவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டபடி கோப்பிலிருந்து படிவத்தை எடுத்தார். கயல் எட்டிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"அத்தை, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அப்பா எழுதியிருக்காங்க" என்றாள். தமிழில், முழு வாக்கியமாக.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கம்பைப் பார்த்தேன். அவள் ஹெலன் பக்கம் திரும்பி, தன் ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "ஐ டெய்லர். எயிட் மிஷின். ஒன் டே, ஹண்ட்ரட் பீஸ்."

ஹெலன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தினமும் நூறு சமாதானமா என்று உருகிப்போய்க் கேட்டார். இந்த ஊர்க் காதில் அந்த 'பீஸ்' அப்படித்தான் விழும். கயல் சிரித்துக்கொண்டே நூறு உருப்படி என்று விளக்கினாள். என்ன உருப்படி என்றதும் நைட்டி என்றாள். இரவு உடையா என்றார் ஹெலன். இரவு உடைதான், ஆனால் அப்பாவின் ஊரில் பெண்கள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பகலில் கடைக்கும் போவார்கள் என்று கயல் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். விடுதி அறையில் நான் கேட்ட சிரிப்பு வேறு. இதில் யாரும் யாரையும் கீழே இறக்கவில்லை. நான் மட்டும் சிரிக்க முடியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். இரண்டு நாள் சோறு போட்டாள், தண்ணீர் எடுத்து வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நானே அடுப்படிக்குப் போய், "தப்புதான்க்கா" என்றேன்.

அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "நைட்டின்னு எழுத ஒனக்கு வெக்கமா இருந்தா, தையல்னு எழுதிருக்கலாம்லா. அதுவும் முடியலன்னா கட்டத்த சும்மா விட்டிருக்கலாம். ஒண்ணுந் தெரியாதவன்னு எழுதிட்டியே. முப்பது வருசமா நான் என்னலே செஞ்சேன்?"

நான் குனிந்து தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

"போ. போயி அந்தப் பேப்பர அடிச்சுத் திருத்திக் குடு. பொறவு வந்து சாப்பிடு."

வேலைக்குப் போகிற வழியில் கூடத்துக்குப் போனேன். ஹெலன் படிவத்தை எடுத்துத் தந்தார். எழுதியதை அடித்துவிட்டு, தையல்காரர், துணி வெட்டுநர், நைட்டி யூனிட் உரிமையாளர், முப்பது வருஷ அனுபவம், எட்டுப் பேருக்கு வேலை கொடுப்பவர் என்று எழுதினேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியதாயிற்று. ஹெலன் அதைத் தலையைச் சாய்த்துப் படித்தார். "இவரையா கோப்பை கழுவச் சொன்னேன்" என்றார்.

4

சிறு வயதில் ஆடிப்பூரத் தேர் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போவோம். பஸ் நிலையத்தில் இறங்கியதுமே கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நான் தேர்ச் சக்கரத்தையும் வடத்தையும் பார்ப்பேன். அக்கா தேரின் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் பார்த்தது தொம்பைகளை என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. தேரைச் சுற்றி நீளநீளமாக, குழல் போலத் துணியில் தைத்துத் தொங்கவிடுவார்களே, அதுதான் தொம்பை.

"ஆடிக்காத்துல அம்புட்டு ஒயரத்துல தொங்குதே, ஒண்ணாச்சும் கிழியுதா? மேல மட்டுந்தான் பிடிச்சிருப்பாவ. கீழ சும்மா விட்டிருப்பாவ. காத்து வரும், ஆட்டும், போயிரும்" என்று கூடத்தில் எல்லோருக்கும் சொன்னாள். கயல் மொழிபெயர்த்தாள். தொம்பைக்கு ஆங்கிலம் தெரியாததால் தொம்பை என்றே விட்டுவிட்டாள்.

ஆகவே, ஒட்டிய துணியை எல்லாம் உரித்துவிட்டு, இறகு இறகாகத் தைத்து, ஒவ்வொன்றையும் மேல் விளிம்பில் மட்டும் சட்டத்தில் கட்டுவது என்று முடிவாயிற்று. அறுநூறு இறகு. இருப்பது இரண்டரை வாரம். துணிக்கு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பழைய படுக்கை விரிப்புகள் வந்து குவிந்தன. வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அக்கா கூடத்தைத் தன் யூனிட்டாக மாற்றினாள். மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒருவர் குறி போட, ஒருவர் விளிம்பு மடிக்க, ஒருவர் தைக்க, ஒருவர் நூல் வெட்ட என்று ஆளுக்கு ஒரு வேலை. வீட்டு உபயோகத்துக்கான மூன்று சின்ன மிஷின்கள் இருந்தன. "சொப்புச் சாமான் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதிலும் ஓட்டினாள். ஆள் குறைந்த ஒரு சாயங்காலம் என்னையும் ஒன்றில் உட்கார வைத்து ஒரு வரிசை இறகு தைக்க விட்டாள். பாதுகாப்பு விதிப்படி ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும் என்று ஹெலன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். அவள் யூனிட்டில் உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி வைத்த பிறகுதான் புது ஊசி கிடைக்கும். அந்த வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் டேவ் அந்த நோட்டுக்குப் பொறுப்பு. மனிதர் ஒவ்வொரு துண்டுக்கும் கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

றெக்கையை மடக்கி விரிக்கும் பயிற்சியில் மொழி இடறியது. மடக்கு என்பதற்கு அக்காவுக்கு ஆங்கிலம் வரவில்லை. கையைக் காட்டி "மடக்கு" என்றாள். டேவ் "மடாக்கு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு மடக்கினார். "விரி" என்றாள். விரித்தார்கள். நாலு நாளில் பன்னிரண்டு பேருக்கும் மடக்கு, விரி, தூக்கு, மெதுவா என்ற நாலு வார்த்தைகள் பழகிவிட்டன. கயல் பக்கத்தில் நின்று டேவின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் கெஞ்சியும் தமிழ் பேசாத பிள்ளை, ஒரு தபால்காரருக்கு டகரம் சொல்லிக் கொடுத்தது. நான் அதைக் கவனிக்காதவன் போல நூல் வெட்டினேன்.

5

ஊர்வல நாளன்று தூறலும் காற்றும். ஹெலனுக்கு மூன்று நாளாகத் தொண்டை கட்டி, குரலே எழும்பவில்லை. முன்னால் நடந்து றெக்கையை நடத்த வேண்டியவர் அவர். "மாரி நடத்தட்டும்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார்.

கூட்டம் உள்ளே வராமல் தெருவின் இரண்டு பக்கமும் கட்டிய கயிற்றின் முகப்பில் நின்ற ஊர்வலப் பொறுப்பாளர் பட்டியலைப் புரட்டினார். அக்காவின் பெயர் தையல் பிரிவில்தான் இருந்தது. பாதுகாப்பு வகுப்புக்கு வராதவர் கயிற்றுக்குள் நடக்க முடியாது என்றார். கடுமையாகப் பேசவில்லை, ஆனால் நகரவும் இல்லை. பின்னால் வாத்தியக் குழு தயாராகிவிட்டது. ஹெலன் அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கி, ஈரம் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு பத்து நிமிஷ வகுப்பை அங்கேயே, கிசுகிசுத்த குரலில் நடத்தினார். கயல் மொழிபெயர்த்தாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். தன் பேருக்குப் பக்கத்தில், பொறுப்பு என்ற இடத்தில், 'றெக்கை நடத்துபவர்' என்று ஹெலன் எழுதியதைக் கயலைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

நான் இடது றெக்கையின் அடியில் ஏழாவது கம்பு. ஆகவே ஊர் முழுக்க வாய் பிளந்து பார்த்த காட்சியை நான் பார்க்கவில்லை. தலைக்கு மேல் இறகுகளின் உள்பக்கம்தான் தெரிந்தது. காற்று வந்தது. இறகுகள் எழும்பிப் படபடத்து அடங்கின. ஒன்றும் கிழியவில்லை. இரண்டு பக்கமும் மக்கள் கத்துவது மட்டும் கேட்டது.

வங்கி முனையில் தெரு குறுகித் திரும்புகிறது. விளக்குக் கம்பங்களில் பூக்கூடைகள் வேறு. அங்கே றெக்கையை முழுதாக மடக்காவிட்டால் நாரையும் நிற்கும், பின்னால் வருகிற ஊர்வலமும் நிற்கும். அந்த நேரம் பார்த்து வாத்தியக் குழு மிக அருகில் வந்துவிட்டது. பெரிய முரசு. அக்காவின் வாய் அசைவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. முன்னால் இருந்த ஆறு பேர் மடக்கினார்கள். பின்னால் இருந்த ஆறு பேருக்கு எட்டவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. என் கம்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அப்போது வால் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மடக்கு! டேவ், மடக்கு! எல்லாரும் மடக்கு!"

கயல். துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு ஓரமாக வந்தவள், சீட்டுகளைப் போட்டுவிட்டு வங்கிப் படியில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். அந்தப் படிக்கு எதிரேதான் அவள் வகுப்புப் பிள்ளைகள் ரொட்டிக் கடை வாசலில் கூட்டமாக நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அத்தையின் கையை மட்டும் பார்த்து, அது சொன்னதைக் குரலாக்கினாள். "மெதுவா. மெதுவா. இப்ப தூக்கு."

நாரை ஒடுங்கி முனையைத் திரும்பியது. ஒரு பூக்கூடைகூட ஆடவில்லை. அகலத் தெருவுக்கு வந்ததும் முன்னாலிருந்து அக்காவும் பின்னாலிருந்து கயலும் ஒரே நேரத்தில் "விரி" என்றார்கள். அறுநூறு இறகும் ஒன்றாகத் திறக்கும் சத்தத்தைக் கீழே இருந்து கேட்டேன். என் கைகள் கம்பைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. தூறல் இருந்தது நல்லதாயிற்று.

அன்று சாயங்காலம் அக்கா வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயல் வந்து, நண்பர்கள் அந்த நாலு வார்த்தையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அக்கா என்னைப் பார்த்து, "நீ ரொம்பக் கவலப்பட்டுக்கிடாதலே. புள்ளைக்கு எல்லாம் உள்ள கெடக்கு" என்றாள்.

ஆங்கிலத்தில்தான் கயல் இன்றும் பதில் சொல்லுகிறாள். நான் இப்போது அவசரப்படுவதில்லை.

6

டிசம்பர் விடுமுறையில் கயலையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். ராஜபாளையத்தில் இறங்கிய மறுநாளே கயல் அத்தையின் யூனிட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். நானே அங்கே உள்ளே போய் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பூப்போட்ட துணி மலைபோலக் கிடந்தது. கயலைப் பார்த்ததும் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவளுடைய போனில் இருந்த படங்கள் கை மாறி மாறிப் போயின.

"சேல மேல கோட்டு, கோட்டுக்குக் கீழ சூ. என்ன கோலம்க்கா இது" என்றாள் ஒருத்தி.

"குளிருல்லா" என்றாள் அக்கா, வெட்டு மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

கடைசியாகப் போன், ஓவர்லாக் மிஷினில் விளிம்பு அடிக்கும் பேச்சியின் கைக்கு வந்தது. கயல் மிக அருகில் வைத்து எடுத்த ஒரு படத்தைப் பேச்சி இரண்டு விரலால் பெரிதாக்கிக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "யக்கா, இடது றெக்கையில மேலருந்து மூணாவது வரிச. தையலு பூராக் கோணிப் போயி கெடக்கே. நீங்க பாக்கலையா?" என்றாள்.

"பாத்தேன்."

"நாங்க இப்டித் தைச்சா மூஞ்சில எறிவிய. யாரு தைச்சா?"

"எந்தம்பி தைச்சான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வரிசையை ராத்திரியோடு ராத்திரியாக அக்காவே பிரித்துச் சரி செய்திருப்பாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"பிரிச்சுத் தைக்கலையாக்கா?" என்றாள் பேச்சி.

அக்கா கத்தரியை வைத்துவிட்டு, வெட்டிய துணியை எடுத்து உதறினாள்.

"இல்ல. மொத மொதல்ல மிஷின்ல ஒக்காந்தான். அவந் தைச்சதும் சேந்துதான பறந்துச்சு" என்றாள்.